சேற்றில் விட்ட கலயம்

தங்கைக்கு நாலு நாள் விடுமுறை. சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவள், வருடத்துக்கு ஒருமுறைதான் வருவாள். வந்தால் கால் ஓரிடத்தில் நிற்காது. இந்த முறை வந்த அன்றைக்கே கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று பேரும் கடலுக்குப் போக வேண்டும், இரண்டு நாள் தங்க வேண்டும், எந்தக் கடல் என்று அம்மாவே சொல்லட்டும் என்றாள்.

அம்மா ஒவ்வொன்றாகத் தட்டிக் கழித்தார். போர்ட்டிக்சன் என்றால் ஜெல்லி மீன் கடிக்குமாம். பங்கோர் என்றால் படகு ஏற முட்டி வராதாம். மோரிப் போகிற வழியெல்லாம் ஜாமாம். அம்மா எந்தக் காலத்தில் மோரிப் போனார், ஜாமைக் கண்டார்? தஞ்சோங் காராங் வயல்களைத் தாண்டினால் செகிஞ்சான், கடலோரத்தில் ஊஞ்சல்கூடக் கட்டியிருக்கிறார்கள் என்று தங்கை படம் காட்டினாள். உப்புக்காற்று தலைக்கு ஆகாது என்று சொல்லிவிட்டு அம்மா கோப்பி கலக்க எழுந்து போனார். கடல் காற்று வீசுகிற புக்கிட் பெலிம்பிங்கில் குடியிருந்துகொண்டு பேசுகிற பேச்சா இது?

திரும்பி வந்தபோது தட்டில் நான்கு கோப்பைகள் இருந்தன. வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான்காவது சீனி போடாத கோப்பி, அப்பாவுக்கு. அப்பா செத்து மூன்று வருடம் ஆகிறது. படத்துக்கு முன்னால் வைத்தால்கூட நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். அம்மா அதை அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில், அவர் கை எட்டும் இடத்தில் வைப்பார். பொழுது சாய்ந்ததும் ஆறிப்போனதை எடுத்து வாசல் செடிக்கு ஊற்றுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பலமுறை கத்தியும் இருக்கிறேன்.

அம்மா கடலை வேண்டாம் என்பதற்குக் காரணம் நான்தான் என்று நினைத்திருந்தேன். தங்கையிடம் அதைச் சொன்னதில்லை.

அப்பாவை எரித்த மறுநாள் காலை, சாம்பலைக் கரைக்க ஜெராம் கடற்கரைக்குப் போனோம். வந்திருந்த உறவுக்காரர்களோடு தங்கை வீட்டில் இருந்தாள். பெண்பிள்ளைகள் வரக் கூடாது என்று பெரியப்பா எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் அம்மா காரில் ஏறி உட்கார்ந்துகொண்டார். ராகு காலம் பிறப்பதற்குள் காரியத்தை முடிக்க வேண்டும் என்று பெரியப்பா சுவர் நாட்காட்டியைப் பார்த்து நேரம் குறித்திருந்தார். நாட்காட்டியைப் பார்த்தவர்கள் கடலைப் பார்க்கவில்லை. போய் இறங்கினால் தண்ணீரே இல்லை. நீர் வற்றி, எங்கேயோ தூரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. எதிரே வெறும் சேறு.

தண்ணீர் ஏறும்வரை இருக்கலாம் என்றேன். நல்ல நேரம் தப்பிவிடும் என்றார் பெரியப்பா. நான் கலயத்தோடு இறங்கினேன். முட்டிவரை சேறு உள்ளே இழுத்தது. இருபது முப்பது எட்டுக்கு மேல் போக முடியவில்லை. அந்த இடத்திலேயே சாம்பலைக் கொட்டினேன். அது கரையவில்லை. சேற்றின்மேல் குவியலாகக் கிடந்தது. கலயத்தையும் அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

திரும்பிப் பார்க்காதே, பார்த்தால் போனவர் கூடவே வந்துவிடுவார் என்று பெரியப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். காரில் ஏறியதும் பின்னால் பார்க்கிற கண்ணாடியைக்கூட மேலே திருப்பிவிட்டார். அசாம் ஜாவா முச்சந்திவரை கண்ணாடி இல்லாமலே ஓட்டினேன். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் கடல் வந்து அப்பாவை எடுத்துக்கொண்டதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டுகிறேன். கடலோரத் தோட்டங்களில் லோரியை நிறுத்தும்போது சேற்று வாடை அடித்தால் கையில் இருக்கிற சோறு இறங்காது. அப்பா இன்னும் அங்கேயேதான் கிடக்கிறார் என்று தோன்றும். பயமாக இருக்கும்.

செகிஞ்சானும் தட்டிப்போனதும் தங்கைக்குக் கோபம் வந்துவிட்டது. எந்தக் கடலும் பிடிக்கவில்லை என்றால் அப்பாவைக் கரைத்த இடத்துக்கே போகலாம், அதற்கு என்ன சாக்கு சொல்கிறீர்கள் பார்க்கலாம் என்றாள். அம்மா நாற்காலியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் திரும்பிப் பாத்துட்டேன்டா ஐயா" என்றார். "காரு கிளம்புறப்ப பாத்தேன். சேத்துல நின்னுக்கிட்டிருந்தாரு, போறதுக்குத் தண்ணி இல்லாம. மனசு கேக்கல. வாங்கன்னு கூப்பிட்டுட்டேன். வந்துட்டாரு."

தங்கை சிரிக்கப் போனவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"அதான் கடல் வேணாங்கிறேன். தண்ணியப் பாத்தா போயிருவாரு."

மூன்று வருடமாக நான் பயந்தது சரியாகப் போயிற்று. அப்பா போகவில்லை. போகவிடாதது நான். எல்லாவற்றையும் தங்கையிடம் அப்போதுதான் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது, வெட்கம் கெட்ட அழுகை. பிறகு அம்மாவிடம், "எத்தன நாளைக்கும்மா அவர இப்படி வச்சிருப்ப? நான் சரியா அனுப்பல. இந்தத் தடவ தண்ணி பாத்து அனுப்பி வைக்கிறேன், விட்டுரும்மா" என்றேன்.

அம்மா ஆறிப்போன கோப்பியை எடுத்துக்கொண்டுபோய் வாசல் செடிக்கு ஊற்றினார். திரும்பி வந்து சரி என்றார்.

இப்படித்தான் எங்கள் கடற்கரை முடிவானது. ஊஞ்சலும் இல்லை, தங்கும் விடுதியும் இல்லை. தங்கை நீர் ஏறும் நேரத்தைக் கைப்பேசியில் தேடினாள். மறுநாள் பதினொரு மணிக்கு நிறைந்து நிற்கும் என்று போட்டிருந்தது. ராகு காலத்தை யாரும் பார்க்கவில்லை.

போனபோது தண்ணீர் கரையில் அடுக்கியிருந்த கல்வரை ஏறியிருந்தது. சேறு இருந்த இடமே தெரியவில்லை. அம்மா கல்யாணங்களுக்குக் கட்டுகிற சேலையில் வந்திருந்தார். கணுக்கால் நனைய இறங்கி, வீட்டிலிருந்து கொண்டுவந்த கோப்பியைத் தண்ணீரில் ஊற்றினார். வாய் அசைந்தது, என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. பிடித்திருந்த கையை விடுவதுபோல விரல்களை மூடித் திறந்தார். பிறகு திரும்பி, எங்களைப் பார்த்தபடியே நடந்து வந்து காரின் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். தங்கை பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கண்ணாடியை மேலே திருப்பினேன். முடிந்தது, அப்பா போய்விட்டார் என்று நினைத்தேன். காரை எடுத்தேன்.

பத்தடிகூடப் போயிருக்காது.

"கொஞ்சம் நிப்பாட்டு" என்றார் அம்மா.

சன்னல் கண்ணாடி இறங்குகிற சத்தம் கேட்டது. அம்மா தலையை வெளியே நீட்டி, நன்றாகத் திரும்பி, கடலைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்துவிட்டுச் சாத்தினார்.

"தள்ளி உக்காரு பாப்பா" என்றார் தங்கையிடம்.

பேய் பிசாசு என்றால் கிண்டல் செய்கிறவள், பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் ஒதுங்கினாள். நான் திட்டியிருக்க வேண்டும். கையை நீட்டிக் கண்ணாடியைப் பழையபடி திருப்பினேன். அம்மா இந்தப் பக்கம், தங்கை அந்தப் பக்கம். நடுவில் ஓர் ஆள் உட்கார இடம் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கால் கழுவப் போனார். தண்ணீரைச் சுடவைத்து நான்தான் கோப்பி கலக்கினேன். நான்கு கோப்பைகள் எடுத்தேன். ஒன்றில் சீனி போடவில்லை.