மோட்டார் பெட்டிக்குள் இருந்த நம்பர்

நானும் என் கணவரும் பீளமேட்டில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு மற்றவர்களுடைய வெப்சைட்டுகளைப் பார்த்துக்கொள்கிறோம். சோமனூர் விசைத்தறிக்காரர் ஒருவர், பல்லடத்துக் கோழிப்பண்ணை, ஒரு கல்யாண மண்டபம், சில பள்ளிக்கூடங்கள் என்று ஒருவர் சொல்லி இன்னொருவராக வந்து சேர்ந்தவர்கள்தான் எல்லோரும். அவர்களுடைய வெப்சைட்டுகள் நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் தனி சர்வர் ஒன்றில் இருக்கின்றன. அது சென்னையில் எங்கோ குளிரூட்டிய அறையில் ஓடிக்கொண்டிருக்கிறது. நாங்கள் அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

போன வருடம் அந்த சர்வர் நிறுவனம் எங்களுடைய ஐபி முகவரியை மாற்றப்போவதாகச் சொன்னது. ஒரு வெப்சைட்டின் பெயரை யாராவது தட்டினால், எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று வழிகாட்டுவது அந்த எண்தான். சில நாட்களுக்குப் பழையது, புதியது இரண்டும் வேலை செய்யும். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மாலையோடு பழையது நின்றுவிடும். அதற்குள் எல்லாப் பெயர்களையும் புதிய எண்ணுக்குத் திருப்பிவிட வேண்டும்.

கணவர் சர்வர் வேலையைப் பார்த்துக்கொண்டார். வாடிக்கையாளர்களிடம் பேசுவது என் பொறுப்பு. பெரும்பாலான பெயர்கள் எங்கள் கையிலேயே இருந்ததால் மாற்றுவது சுலபமாக முடிந்தது. வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. தொண்டாமுத்தூரில் தென்னை நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் ஓர் அக்காவின் வெப்சைட். அவர் எங்களிடம் வருவதற்கு முன்பே தானே பெயரைப் பதிவு செய்து வைத்திருந்தார். அந்தக் கணக்குக்குள் போக வேண்டுமானால், பதிவு செய்தபோது கொடுத்த போன் நம்பருக்கு ஓடிபி வரும். அது எந்த போன் என்று கேட்க அவரைக் கூப்பிட்டேன்.

"அந்த நம்பருங்களா அம்மணி? அது மோட்டார்ல இருக்குதுங்க."

எனக்குப் புரியவில்லை.

"எங்க ஊட்டுக்காரரோட பழைய நம்பருங்க அது. அவரு புது போன் வாங்கறப்ப நம்பரையும் மாத்திப்போட்டாரு. பழைய சிம்மைத் தூக்கித் தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டர்ல போட்டுட்டோமுங்க. ஊட்ல இருந்து கூப்பிட்டாப் போதும், மோட்டார் ஓடும்."

பேசிக்கொண்டிருந்தால் ஆகாது என்று லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன். வடவள்ளி தாண்டியதும் வெயில் தணிந்து, மலை பக்கத்தில் வந்துவிட்டது. வேலைதான் என்றாலும் அறையை விட்டு வெளியே வந்தது நன்றாகவே இருந்தது.

அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "வாங்க அம்மணி, வாங்க. உக்காருங்க. இப்பத் தோட்டத்துக்குப் போக முடியாதுங்க, ஆனை நிக்குது."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. விடியற்காலையில் மலையை விட்டு இறங்கிய ஒற்றை யானை, மோட்டார் ரூமுக்குப் பின்னால் இருக்கும் வாழைக்குள் நின்றுகொண்டிருந்தது. அவருடைய கணவரும் வனத்துறை ஆட்களும் அதைத் திருப்பி அனுப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் வெடிச் சத்தம் கேட்டது.

நான் என் கணவருக்கு போன் செய்து, "ஆனை போனாத்தான் ஓடிபி வரும்" என்றேன். அவர் "நெசமாவா சொல்ற?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் உள்ளுக்குள் பதற்றம்தான். மாலைக்குள் முடியாவிட்டால் அக்காவின் வெப்சைட் திறக்காது. கேரளாவில் இருந்தெல்லாம் அதைப் பார்த்துத்தான் நாற்றுக்கு ஆர்டர் வருகிறது.

அக்கா பதறவில்லை. இளநீர் வெட்டிக் கொடுத்தார். மதியச் சாப்பாடும் போட்டார். "அதுவா போயிருமுங்க. அவசரப்படுத்துனா எதுக்க வந்துரும்" என்றார். சாப்பிட்டுக் கை கழுவும்போது அவருடைய கணவர் வந்தார். சட்டையெல்லாம் வியர்வை. "மேக்க ஏத்தி உட்டாச்சுங்க. ரண்டு வாழையோட போச்சு" என்றவர், என்னையும் லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

விஷயத்தைச் சொன்னதும் எங்களை மோட்டார் ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாழைப்பட்டைகள் வழியெல்லாம் மிதிபட்டுக் கிடந்தன. மோட்டாரை நிறுத்தி, ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து சிம்மை எடுத்தார். அது பழைய காலத்துப் பெரிய சிம். என் போனிலும் நுழையவில்லை, அவர்கள் போனிலும் நுழையவில்லை. திரும்ப வீட்டுக்கு வந்து, பீரோவுக்குள் இருந்த பட்டன் போனைத் தேடி எடுத்தோம். உயிர் இல்லை. சார்ஜில் போட்டு, அது கண் விழிக்கும்வரை மூவரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

திரை வெளிச்சமானதும் ஓடிபி கேட்டேன். வரவில்லை. மறுபடி கேட்டேன். அப்போதும் வரவில்லை. சிம்மில் மெசேஜ் நிறைந்துவிட்டது, இடமில்லை என்று ஓர் அறிவிப்பு மட்டும் மூலையில் மின்னியது. அழிப்பதற்காகத் திறந்தேன். முழுக்க விளம்பரம். அவற்றுக்கு நடுவே அக்கா அனுப்பியவை வரிசையாக இருந்தன. 'சோறு ஆறுது வாங்க.' 'வர்றப்ப தக்காளி வாங்கிட்டு வாங்க.' 'எத்தன தடவ சொல்றது.'

தன் போனில் கணவரின் பழைய நம்பரை அக்கா அழிக்கவே இல்லை. பேசுவதற்குப் புது நம்பர், மெசேஜுக்குப் பழைய நம்பர் என்று கைப்பழக்கத்தில் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

நான் படித்துக் காட்டியதும் அக்காவின் கணவர் அவரைப் பார்த்து, "ஏனம்மணி, எனக்கு ஒண்ணு கூட வல்லியே!" என்றார்.

"நானும் மெசேஜ் போட்டுப் போட்டுப் பாத்தேன். ஒரு பதிலும் இல்ல. வேணும்னே பேசாம இருக்கறீங்கன்னு நெனச்சேனுங்க."

"மோட்டாரு எப்படித் தக்காளி வாங்கிட்டு வரும்?"

அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அழிச்சுப்போடுங்க அம்மணி, எல்லாத்தையும். இனி சோத்துக்கு நேர்லயே கூப்பிட்டுக்கறேன்" என்றார்.

அழித்தேன். உடனே ஓடிபி வந்து விழுந்தது. கணக்குக்குள் போய்ப் பழைய எண்ணை எடுத்துவிட்டுப் புதிய எண்ணைப் போட்டேன். இந்த மாற்றம் எல்லா இடத்துக்கும் சீக்கிரம் பரவும்படி முன்னதாகவே அந்தக் கணக்கில் அமைத்திருந்தால் காத்திருக்க வேண்டியிருந்திருக்காது. அப்படிச் செய்யாததால் இணையம் பழைய எண்ணை மறக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் அக்காவின் கணவர் சிம்மை ஸ்டார்ட்டரில் போட்டுவிட்டு வந்தார். வீட்டு வாசலில் இருந்தே அக்கா மோட்டாரைக் கூப்பிட்டார். தோட்டத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

பீளமேட்டில் இருந்து என் கணவர் கூப்பிட்டு, "புது ஐபிக்கு வர ஆரம்பிச்சிருச்சு" என்றார். என் போனில் வெப்சைட்டைத் திறந்து அக்காவிடம் நீட்டினேன். தென்னங்கன்றுகளின் படம், கீழே அவருடைய போன் நம்பர்.

"முன்ன இருந்த மாதிரியேதானுங்களே இருக்குது?"

"ஆமாங்க அக்கா. அப்படித்தான் இருக்கோணும்."

"அதுக்கா இத்தன பாடு?" என்று கேட்டாலும் அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. அந்தக் கணக்கில் மோட்டார் நம்பரை எடுத்துவிட்டு அவருடைய நம்பரையே போட்டுக் கொடுத்தேன். கிளம்பும்போது வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் ஒரு சீப்பு வாழைப்பழத்தை ஸ்கூட்டரில் மாட்டிவிட்டார். "ஆனை உட்டுட்டுப் போனதுங்க" என்றார் அவருடைய கணவர்.

வெளிச்சம் இருக்கும்போதே வீடு வந்து சேர்ந்தேன். சொன்னபடி அன்று மாலை பழைய எண் நின்றது. நாங்கள் இருவரும் ஒவ்வொரு வெப்சைட்டாகத் திறந்து பார்த்தோம். எல்லாம் திறந்தன. ஒருவரும் போன் செய்யவில்லை. எங்கள் தொழிலில் அதைவிட நல்ல சேதி கிடையாது. கணவர் லேப்டாப்பை மூடிவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சந்தகை பிழிய மாவு எடுத்து வைத்தார். நான் தேங்காய் துருவ உட்கார்ந்தேன்.