நடு வரிசை மேசை

எங்கள் பம்ப் ஹவுஸில் அவருக்குப் பெயர் மீட்டர். முன்பு வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்த்துக் குறித்துவரும் வேலையில் இருந்தவர். அதை விட்டுவிட்டு, தானே எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஈ காக்கை எட்டிப் பார்க்காத இந்த இடத்துக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. மூன்று மோட்டார், ஒன்பது வால்வு, சுவரில் ஆறு அழுத்தமானி. மணிக்கு ஒரு தடவை அதையெல்லாம் பார்த்து ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். காலை ஷிப்ட் அவர், மதியம் இரண்டு மணியிலிருந்து நான். மாற்றிக்கொள்ளும் அந்தப் பத்து நிமிஷம்தான் அவர் இன்னொரு மனித முகத்தைப் பார்க்கும் நேரம். அதுவும் என் முகம், பாவம்.

கூட்டம் அவருக்கு ஆகாது. கல்யாணம், கடைவீதி, பஸ், எதுவானாலும் ‘மூச்சு முட்டும்ப்பா’ என்று நழுவிவிடுவார். நானும் நம்பியிருந்தேன். சிலருக்குக் கத்திரிக்காய் ஆகாது, இவருக்குக் கூட்டம் ஆகாது, இதிலென்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் ஷிப்ட் மாற்றும்போது, ரெஜிஸ்டரை மூடாமல் நின்றுகொண்டிருந்தார்.

“பொண்ணு ஒரு குண்டத் தூக்கிப் போட்டுட்டா.”

அவர் மகளுக்குப் பதினைந்து வயது. லிப்ட் ரிப்பேர் செய்யும் ஒரு பெண் இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்வதாக இருபத்து நான்கு பக்கத்துக்கு ஒரு காமிக்ஸ் வரைந்திருந்தாள். ஒன்றரை வருஷ உழைப்பு. தலைநகரத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கும் பெரிய காமிக்ஸ் கண்காட்சியில், புதியவர்களுக்கென்று சில மேசைகளைக் குலுக்கல் போட்டுக் கொடுப்பார்களாம். அதில் அவளுக்கு விழுந்துவிட்டது. சும்மா இல்லை, நடு வரிசை, இருபத்திரண்டாம் மேசை. பெரிய ஓவியர்கள் உட்காரும் மேடைக்கு நேர் எதிரே. போகிற வருகிற ஒவ்வொருவரும் அதைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

“நல்ல விஷயம்தானே அண்ணே.”

“பதினெட்டு வயசுக்குக் கீழன்னா பெத்தவங்க யாராவது ஒருத்தர் ரெண்டு நாளும் மேசையிலயே இருக்கணுமாம். அவங்கம்மாவுக்கு லீவு கெடைக்காது. நாப்பதாயிரம் பேர் வருவாங்கன்னு போட்டிருக்கான்.”

அண்ணி மருந்துக்கடையில் வேலை செய்கிறார். அங்கே படித்த மருந்தாளுநர் அவர் ஒருவர்தான், அவர் இல்லையென்றால் கடையைத் திறக்கவே கூடாது. அந்த வாரம் முதலாளியும் ஊரில் இல்லை. ஆக, மீட்டர் போனால்தான் மகள் போக முடியும். போகாவிட்டால் மேசை வேறு யாருக்கோ போய்விடும். குலுக்கலில் இன்னொரு தடவை விழும் என்று என்ன நிச்சயம்?

மனிதர் பயிற்சியில் இறங்கினார். என் வார விடுமுறை நாளில் சாயங்காலம் ஐந்தரைக்கு பஸ் நிலையத்துக்கு வருவார். வேலை விட்டு வரும் கூட்டத்துக்கு நடுவே நிற்பார், நான் எதிர்க்கடை வாசலில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். முதல் வாரம் நாலு நிமிஷம். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள வேகவேகமாக வெளியே வந்தார். இரண்டாவது வாரம் ஏழு. மூன்றாவது வாரம் பதினொன்று, ஆனால் அன்றைக்கு வெளியே வந்தவர் பேயறைந்ததுபோல் இருந்தார். வலது கையை மட்டும் இறுக்கி மூடி வைத்திருந்தார். விரலைப் பிரிக்கச் சொல்லி இரண்டு தடவை சொன்ன பிறகுதான் பிரித்தார்.

“ரெண்டு நாள்னா எத்தன நிமிஷம்?” என்று கேட்டார்.

எனக்குக் கணக்குத் தெரியும். சொல்லவில்லை.

அதற்கடுத்த நாள் அரங்கத்தின் வரைபடத்தோடு வந்தார். அதில் சிவப்புப் பேனாவால் வாசல்களை எல்லாம் வட்டம் போட்டிருந்தார். பக்கவாட்டுச் சுவரில் அவசர வழி ஒன்று, அதன் பக்கத்தில் ஐம்பத்தெட்டாம் மேசை.

“இது கெடச்சா ரெண்டு நாளும் உக்காந்துடுவேன். முட்டுச்சுன்னா ஒரு அடி எடுத்து வச்சா வெளிய. மேசை மாத்திக் கேட்டு எழுதணும். எனக்கு டைப் அடிக்க வராது.”

அடித்துக் கொடுத்த கை என்னுடையது. மகள் பெயரில், மகளின் மின்னஞ்சலிலிருந்து; பாஸ்வேர்டை அவர்தான் சொன்னார். அவளிடம் கேட்டீர்களா என்று நான் கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன், கேட்டேன். “அவகிட்ட அப்புறம் சொல்லிக்கலாம்” என்றார். அந்தப் பதிலே போதும் என்று நான் எடுத்துக்கொண்டதுதான் என் புத்தி. ஊருக்கெல்லாம் வாய் கிழிய நியாயம் பேசுவேன், எதிரில் ஒரு மனிதர் வரைபடத்தோடு வந்து நின்றால் எனக்கு எதுவும் வராது.

நாலாவது நாள் காலை மகளிடமிருந்து போன் வந்தது.

“சித்தப்பா, வீட்டுக்கு வாங்க.”

“என்னம்மா?”

“வாங்க.”

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மீட்டருக்கும் விடுமுறை. நான் போனபோது மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். நடுவில் மகளின் போன். கண்காட்சிக்காரர்களின் பதில் அதில் திறந்திருந்தது. தங்கள் வேண்டுகோளை ஏற்று இருபத்திரண்டாம் மேசைக்குப் பதில் ஐம்பத்தெட்டு ஒதுக்கப்பட்டுள்ளது, வாழ்த்துகள்.

“அம்பத்தெட்டு எங்க இருக்குன்னு தெரியுமா சித்தப்பா? போன வருஷப் போட்டோ பாத்தேன். தூணுக்குப் பின்னாடி. காலி அட்டப்பெட்டியெல்லாம் அங்கதான் அடுக்குவாங்க. ஒருத்தர்கூட அந்தப் பக்கம் வர மாட்டாங்க.”

குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

“நான்தாம்மா டைப் பண்ணேன்,” என்றேன்.

“தெரியும். எழுத்துப்பிழையே இல்ல.” அப்பாவின் பக்கம் திரும்பினாள். “எங்கிட்ட கேட்டிருந்தா நான் யோசிச்சிருப்பேன்ல?”

அண்ணிதான் விஷயத்துக்கு வந்தார். அவர் ஏற்கெனவே கண்காட்சி அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார். இருபத்திரண்டை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்தாகிவிட்டது, சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜ் செய்து விற்கிறவர். அவர் மனசு வைத்து மாற்றிக்கொண்டால் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, இன்று பன்னிரண்டு மணிக்குள் சொல்லிவிடுங்கள், பட்டியல் அச்சுக்குப் போகிறது என்று சொல்லி, அந்தப் பெண்ணைக் கேட்டுவிட்டு அவருடைய நம்பரையும் கொடுத்திருக்கிறார்கள்.

மணி பதினொன்றரை.

“நான் பேசறேன்,” என்று போனை எடுக்கப் போனேன். செய்த பாவத்துக்குப் பரிகாரம்.

“நீ கம்முனு இருப்பா,” என்றார் அண்ணி. “மாத்துனவர் பேசட்டும்.”

மீட்டர் அந்த நம்பரை அழுத்தினார். ஸ்பீக்கரில் போட்டது மகள். நான்காவது மணியில் எடுத்தார்கள். பின்னணியில் ஏதோ மெஷின் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

இவர் விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் மெஷின் நின்றது.

“சார், எட்டு வருஷமா நான் மூலையிலதான் உக்காருறேன். மொத மொதல்ல நடுவுல கெடச்சிருக்கு. நீங்களாத்தானே வேணாம்னு எழுதுனீங்க?”

“ஆமாங்க. நான்தான் எழுதுனேன். பொண்ணுக்குத் தெரியாது.”

“ஏன் எழுதுனீங்க?”

மீட்டர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. “எனக்குக் கூட்டம்னா பயங்க. வெளிய போற வழி பக்கத்துல இருந்தாத்தான் உக்கார முடியும்.”

“அப்ப அந்த மேசைதானே உங்களுக்குச் சரி? இப்ப எதுக்கு நடுவுல கேக்குறீங்க?”

நியாயமான கேள்வி. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நியாயம். அண்ணியின் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போய் வந்தது. இவர் மூச்சு முட்டும் கதையைச் சொல்லி மழுப்பப் போகிறார், அந்தப் பெண் போனை வைத்துவிடப் போகிறார் என்று நினைத்தேன்.

“அவளுக்கு நாலு வயசு இருக்கும்போது ஒரு பொருட்காட்சிக்குக் கூட்டிட்டுப் போனேங்க. திரும்பி வர்றப்ப வாசல்ல கரண்ட் போயிடுச்சு. கூட்டம் தள்ளுச்சு. நான் கையப் புடிச்சிருந்தேன்.” நிறுத்தினார். வலது கை மேசைமேல் மூடியிருந்தது. “விட்டுட்டேன். பெத்த புள்ள கைய விட்டுட்டேன். இருபது நிமிஷம் கழிச்சு முதலுதவி பெஞ்சுல உக்காந்திருந்தா, யாரோ தலைக்கு மேலயே தூக்கிக் கொடுத்து வெளிய கொண்டுவந்திருக்காங்க. அவளுக்கு ஒண்ணும் ஆகல. எனக்குத்தான் அதுக்கப்புறம் கூட்டமே ஆகல. இப்ப மறுபடியும் அதத்தான் செஞ்சிருக்கேன். நான் தப்பிக்கறதுக்காக அவ எடத்த விட்டுக்கொடுத்துட்டேன்.”

“நடுவுல கொடுத்தா ரெண்டு நாளும் உக்காந்துடுவீங்களா?” என்று கேட்டார் அந்தப் பெண்.

“தெரியலங்க.”

“நல்ல ஆளு சார் நீங்க. உக்காந்துடுவேன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?” பெருமூச்சு விட்டது கேட்டது. “புதுப்புள்ளைங்க குலுக்கல்ல விழுந்த மேசை. அதுல நான் உக்காந்தா எனக்கே உறுத்தும். ஆபீஸ்ல சொல்லிடுறேன். உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க, வாங்க வர்ற ஒவ்வொரு ஆளையும் தூணுக்குப் பின்னாடி ஒரு பேட்ஜ்காரம்மா இருக்கான்னு அனுப்பி வைக்கணும்.”

“அனுப்பறேங்க,” என்றாள் மகள். அவள் அங்கே இருப்பது அப்போதுதான் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கும். போன் சட்டென்று வைக்கப்பட்டது.

பதினொன்று ஐம்பது. அண்ணி எழுந்து உள்ளே போனார். பதினோரு வருஷமாக அவருக்கும் இது தெரியாது என்று முதுகைப் பார்த்தே புரிந்தது. நானும் எழுந்து கிளம்பியிருக்க வேண்டும். கால் வரவில்லை.

மகள் சொன்னாள், “நீ விடலப்பா.”

“விட்டேம்மா. எனக்குத் தெரியும்.”

“என் செருப்பு கழண்டுடுச்சு. எடுக்கலாம்னு குனிஞ்சேன். நான்தான் கைய உருவிக்கிட்டேன்.”

மீட்டர் தலையைத் தூக்கினார். “பெஞ்சுல ஒரு கால்ல செருப்பு இல்லாமத்தான் இருந்தே. நெரிசல்ல போயிடுச்சுன்னு நெனச்சேன்.”

“நெரிசலுக்கு முன்னாடியேப்பா. அதுக்கப்புறம் நீ என்ன எங்கயும் கூட்டிட்டுப் போகவே இல்ல. நான் கைய உருவினதுக்குத்தான்னு நெனச்சுக்கிட்டேன்.”

பதினோரு வருஷம் மணிக்கு மணி ஊசியைப் பார்த்துப் பார்த்து எழுதிய மனிதர், வீட்டுக்குள் இருந்த ஒன்றைப் பார்க்கவில்லை.

“இத ஏம்மா நீ சொல்லவே இல்ல?”

“நீயும்தான் சொல்லல.”

அவர் கையை மேசைமேல் நீட்டினார், விரல்கள் பிரிந்துதான் இருந்தன. அவள் உடனே பிடித்துவிடவில்லை, இருபத்திரண்டாம் மேசை திரும்பக் கிடைத்ததாகப் போனில் வந்த செய்திக்குச் சம்மதம் என்று பொத்தானை அழுத்திவிட்டுத்தான் பிடித்தாள்.

“நடு வரிசைப்பா. ரெண்டு நாள். நடுவுல எந்திரிச்சு ஓடிட்டா நான் என்ன பண்றது?”



“ஓடுனா,” என்றார் மீட்டர், “உங்கிட்ட சொல்லிட்டு ஓடறேன்.”