கப்பல் மணிக்குக் கழற்றிய செருப்புகள்

பழைய கப்பலொன்றைக் காட்சிக்கூடமாக மாற்றி, கொழும்புத் துறைமுகத்தில் மூன்று நாள் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். தமிழில் விளக்கம் சொல்ல ஆள் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் முப்பது வருடம் அரசாங்கக் கந்தோரொன்றில் சிங்களக் கடிதங்களைத் தமிழாக்கி ஓய்வுபெற்றவள். ஒரு சொல்லைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்று காலம் முழுக்க இருந்தாயிற்று. இனிக் கொஞ்சம் கூட்டிப் பார்த்தால் என்ன என்ற ஆசை எனக்குள் இருந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

கப்பலைச் சுற்றிக் காட்டியவர் வெள்ளைச் சீருடை போட்ட அதிகாரி ஒருவர். தங்கமான மனிதர். ஆனால் வாயைத் திறந்தால் அளவுதான். நீளம் எத்தனை அடி, அகலம் எத்தனை அடி, இயந்திரம் எத்தனை குதிரைவலு. அவர் சிங்களத்தில் சொல்லி முடிய நான் தமிழில் சொல்ல வேண்டும். முதல் நாள் காலையில் வந்தவர்கள் பெரும்பாலும் எங்கள் வெள்ளவத்தைத் தமிழ் ஆட்கள். கால்மணி நேரத்திலேயே கொட்டாவி விடத் தொடங்கிவிட்டார்கள்.

"சமையல் எங்க செய்தவை?" என்று ஓர் ஐயா கேட்டார். நான் அதைச் சிங்களத்தில் கேட்டேன்.

"சமையலறை கீழ்த்தளத்தில்" என்றார் அதிகாரி.

"சமையலறை கீழ. புயல் நேரத்தில பானையைச் சங்கிலியால கட்டிவைச்சுத்தான் சோறு காய்ச்சினவையாம். குழம்பு ஒருநாளும் கோப்பையில நிண்டதில்லையாம்" என்றேன் நான்.

எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மிஸ், நான் ஒரு வசனம்தானே சொன்னேன்?"

"தமிழ் கொஞ்சம் நீளமான பாஷை" என்றேன். அவர் நம்பித் தலையாட்டினார். கூட்டத்தில் பாதிப்பேருக்கு நல்ல சிங்களம் தெரியும். ஒருவரும் காட்டிக் கொடுக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கொச்சிக்கடைக் கத்தோலிக்கக் கோயிலில் பூசை முடிந்து நிறையப் பேர் வந்தார்கள். மேல்தளத்தில் ஒரு பித்தளை மணி தொங்கிக்கொண்டிருந்தது. "இது கப்பல் மணி" என்று சொல்லிவிட்டு அதிகாரி கப்பலின் முன்பக்கத்துக்குப் போய்விட்டார். எனக்கு அந்த மணியைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"கடலுக்குப் போறவை இந்த மணியைத் தொட்டு வீட்டு ஆக்களை நினைச்சால், பத்திரமாத் திரும்பி வருவினமாம்" என்றேன். அந்த 'ஆம்'தான் எனக்குக் காவல். கந்தோரில் ஒருநாளும் எழுத முடியாத 'ஆம்'.

முன்னால் நின்ற பெண் செருப்பைக் கழற்றிவிட்டு மணியைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் பொட்டு வைத்த அம்மா ஒருவர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பத்து நிமிடத்தில் வரிசை ஏணிப்படி வரை நீண்டது. வரிசையைக் கண்ட சிங்களக் குடும்பங்களும் என்ன ஏதென்று கேட்காமலே வந்து நின்றன. யாரோ தலையில் இருந்த மல்லிகைச் சரத்தைக் கழற்றி மணியில் சுற்றிவிட்டார்கள்.

அதிகாரி திரும்பி வந்தபோது தளத்தில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன.

"ஏன் எல்லாரும் செருப்பைக் கழற்றியிருக்கிறார்கள்?"

"தளம் வழுக்கும் எண்டு பயம்போல."

அவர் மணியைப் பார்த்தார். "பூவுக்குமா வழுக்கும்?"

நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கூட்டம் கலைந்த பிறகு ஒரு பெண் மட்டும் நின்றாள். ஐம்பது வயதிருக்கும். கொச்சிக்கடையிலேயே இருப்பவளாம்.

"மிஸ், சார் அதச் சொல்லல்ல எண்டு எனக்குத் தெரியும். எனக்கும் சிங்களம் வெளங்கும். ஆனாலும் கேக்குறன். போறவங்களேதான் தொடணுமா, அம்மா தொட்டாலும் சரியா? என்ட மகன் கப்பல்ல சமையல் வேல. பதினொரு நாளா போன் கோல் இல்ல."

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். "அம்மா தொட்டாலும் சரி" என்றது வாய். 'ஆம்' போட மனம் வரவில்லை. அவள் கனநேரம் மணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாலையில் அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பானைச் சங்கிலியையும் சேர்த்துத்தான். ஏசுவார் என்று நினைத்தேன்.

"நடுக்கடலில் சில பாதைகளில் இரண்டு வாரத்துக்குக்கூடக் கோல் எடுக்க முடியாது. என்னிடம் கேட்டிருந்தால் அந்த அம்மாவுக்கு நானே சொல்லியிருப்பேனே" என்றார்.

அது எனக்கு ஏச்சைவிட உறைத்தது. ஆறுதலாக ஓர் உண்மை பக்கத்திலேயே சீருடை போட்டுக்கொண்டு நின்றிருக்க, நான் கதை சொல்லியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் மணியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. 'தொட வேண்டாம்' என்ற பலகையைத் தமிழில் என்னைக்கொண்டே எழுதுவித்தார்கள். ஒரு சொல்லும் கூட்டாமல் எழுதினேன்.

பத்து மணிபோல அந்தப் பெண் பட்டர் கேக் பார்சலோடு வந்தாள். முகத்தைப் பார்த்தவுடனேயே விளங்கிவிட்டது.

"நேத்து ராவு கோல் எடுத்தான் மிஸ்."

அதிகாரி கடல்பாதையையும் சிக்னலையும் பற்றி அவளுக்குப் பொறுமையாகச் சொன்னார். அவளுக்குச் சிங்களம் விளங்கும் என்று தெரிந்தும், நான் அதைச் சொல்லுக்குச் சொல் தமிழில் சொன்னேன். பிராயச்சித்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் முழுவதையும் கேட்டாள். "அது சரி சார். ஆனா நான் தொட்ட அண்டைக்குத்தானே எடுத்தான்" என்றாள்.

அதிகாரி குனிந்து கயிற்றை அவிழ்த்துவிட்டார். அவள் செருப்பைக் கழற்றி, தொட்டுவிட்டுப் போனாள்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் கேக்கைப் பங்குபோட்டோம். இரண்டாவது துண்டை எடுத்த அதிகாரி அங்கும் இங்கும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மிஸ், பின்பக்கம் ஒரு பழைய நங்கூரம் இருக்கிறது. ஒருத்தரும் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை."

"எத்தனை கிலோ எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றேன்.