காய்ச்சல்காரர் இல்லை, கட்சால்காரர்

நிக்கோபார் தீவுகளில் இருக்கும் எங்கள் ஊர்ப் பெயரைத் தமிழில் வேகமாகச் சொன்னால் அது வியாதியாகிவிடும். கட்சால். நடுவில் இருக்கும் ‘ட்’டை விழுங்கிவிட்டால் காச்சல். சின்ன வயதில் ரப்பர் தோட்டத்து லைன் வீடுகளில் இதை வைத்தே நாள் முழுக்கச் சிரிப்போம். “எந்த ஊருடா?” “காச்சல்.” “மாத்திரை போட்டியா?”

கொரோனா வந்த வருஷம் அந்தச் சிரிப்பு என் அப்பாவைத் தூக்க ஆள் இல்லாமல் செய்துவிடப் பார்த்தது. பக்கத்து வீட்டு அக்கா மட்டும் இல்லாவிட்டால் அப்படித்தான் ஆகியிருக்கும். அப்பா போனதை இன்னும் என்னால் ஆற அமர எழுத முடியவில்லை. அக்காவைப் பற்றி எழுத முடியும்.

எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு நான் நடு அந்தமானில் இருக்கும் ரங்கத்துக்கு வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டயர் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். தகரம் போட்ட ஒரு அறை, வாடகைக்கு. வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா. ராமநாதபுரத்துக்காரர். புருஷன் கான்ட்ராக்டரிடம் கொத்து வேலை, அக்காவுக்கு வீட்டிலேயே இட்லி வியாபாரம். அக்காவின் குரல் வேலியைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, காய்கறிக் கடை வரை போகும். அதனால் அவருக்கு போர்டு தேவைப்படவில்லை. என்னை ‘நிக்கோபார் தம்பி’ என்பார். கட்சால் என்று சொன்னால் எங்கே இருக்கிறது என்று விளக்க வேண்டும், அதற்குச் சோம்பல்பட்டு நிக்கோபார் என்றே எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

மெயின்லேண்டில் கொரோனா என்று செய்தி வர ஆரம்பித்திருந்தது. கப்பலை நிறுத்திவிடுவார்கள் என்று பேச்சு. அப்பாவுக்குப் பழைய மூச்சு இழுப்பு உண்டு. தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நான்தான் வரச் சொன்னேன். கட்சாலிலிருந்து கப்பலில் போர்ட் பிளேர், அங்கிருந்து பஸ். வந்து இறங்கியதும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

“பாராடாங்ல பஸ்ஸ படகுல ஏத்துனாங்க பாரு, அங்கன ஒரு தடவ இருமுனேன்டா. பெஞ்சு பூரா எனக்கே குடுத்துட்டாங்க. ராசா மாதிரி காலு நீட்டிக்கிட்டு வந்தேன்.”

மறுநாள் காலையில் நான் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன். அப்பா வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறார். அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறார்.

“அண்ணே, புதுசா இருக்கீக. எங்கேர்ந்து வாரீக?”

“கட்சால்மா.”

துண்டுக்குள்ளிருந்து வந்ததால் அக்காவின் காதில் விழுந்தது காச்சல்.

“ஐயோ. எத்தன நாளா?”

“அது ஆச்சும்மா நாப்பது…” என்று சொல்லும்போது இருமல் வந்துவிட்டது. ‘வருஷம்’ என்ற வார்த்தை இருமலோடு போய்விட்டது. சிலோனிலிருந்து குடும்பத்தோடு கட்சாலுக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனதைத்தான் அப்பா சொல்ல வந்தார். அக்கா கதவைச் சாத்திவிட்டார்.

அதுவரை அது தமிழில் இருந்தது. அக்கா புருஷனிடம் சொன்னார், அவர் காய்கறிக் கடை பெங்காலிக்காரரிடம் இந்தியில் சொன்னார். இந்தியில் காய்ச்சலுக்கு புக்கார். “பாஜுவாலே கே கர் மே புக்கார்வாலா ஆயா ஹை.” பக்கத்து வீட்டுக்குக் காய்ச்சல்காரன் வந்திருக்கிறான். கட்சாலுக்கும் புக்காருக்கும் ஒரு எழுத்துகூட ஒற்றுமை கிடையாது. இந்திக்குப் போன பிறகு அது காதில் விழுந்த கோளாறு இல்லை, செய்தி.

சாயந்திரம் காய்கறி வாங்கப் போனால் பெங்காலிக்காரர் கத்தரிக்காயைத் தரையில் வைத்துவிட்டு எட்டப் போய் நின்றார். “தூர் சே, பாய், தூர் சே.” எங்கள் டயர் கடை முதலாளி மலையாளி, நல்ல மனிதர்தான். அவரும் போனிலேயே சொன்னார், “மோனே, கொஞ்ச நாள் நீ வர வேண்டாம் கேட்டோ.” அவர் வீட்டில் சின்னக் குழந்தை இருந்தது. அவரை நான் தப்பு சொல்ல மாட்டேன். எல்லோருக்கும் பயம். எனக்கும் பயம்தான். பஞ்சர் பார்க்கக் கொண்டுவந்த டியூபைக்கூட சோப்புப் போட்டுக் கழுவினேன்.

சுகாதாரத் துறையிலிருந்து ஒரு சிஸ்டர் வந்து அப்பாவின் நெற்றிக்கு நேராகக் காய்ச்சல் பார்க்கும் கருவியை நீட்டினார். நாங்கள் அதை அப்போதுதான் முதலில் பார்க்கிறோம்.

“என்னாடா இது, துப்பாக்கிய வைக்கிறாங்க” என்றார் அப்பா.

காய்ச்சல் இல்லை. யார் சொன்னது காய்ச்சல் என்று சிஸ்டர் கேட்டு, கேட்டு, கடைசியில் அக்காவின் கதவில் போய் நின்றார். அக்கா வேலிக்கு வந்தார்.

“அவுகளேதான சொன்னாக, காச்சல்லேர்ந்து வாரேன், நாப்பது நாளுன்னு?”

அப்பாவுக்கு அப்போதுதான் புரிந்தது. “அது ஊரும்மா! ஊரு பேரு! கட்…சால்!”

அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். “ஊரா? ஏண்ணே, ஒரு ஊருக்கு இப்படியா பேரு வைப்பாக? வேற பேரே கெடைக்கலயா?”

அப்பா சிரித்தார். இழுப்பு வரும் வரை சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் வேலிக்கு மேலே ஒரு துரட்டி வரும். முருங்கைக்காய் பறிக்க அக்கா வைத்திருந்த நீளக் கம்பு. அதன் நுனிக் கொக்கியில் ஒரு பை, பைக்குள் இட்லியும் தூக்கில் சட்னியும். ஆளோடு ஆள் கிட்டே வரக் கூடாது என்று போலீஸ் ஜீப்பில் மைக் வைத்துச் சொல்லிக்கொண்டு போவார்கள். அக்கா அதை மீறவே இல்லை. இட்லியையும் நிறுத்தவில்லை.

“காச்சலண்ணே, எடுத்துக்கங்க!”

“கொண்டா தாயி. ஒன் இட்லி தின்னா நெசமாவே காச்சல் வந்துரும்போல.”

“வந்தா வரட்டும், அப்பக் காச்சல்னு சொன்னா பொய்யாகாதுல்ல!”

லாக்டவுனில் எங்கள் பக்கத்தில் கேட்ட ஒரே சிரிப்பு இந்த இரண்டு பேருடையதுதான்.

ஆனால் வேலிக்கு வெளியே புக்கார் புக்காராகவே இருந்தது. நான் போய்ச் சொன்னேன். “ஹாங், டீக் ஹை”, சரி சரி என்றார்கள், ஆனால் தள்ளியேதான் நின்றார்கள். காய்ச்சல் என்பவனை நம்புவார்கள், காய்ச்சல் இல்லை என்பவனை யார் நம்புவார்கள்?

ஒரு காலையில் அப்பாவுக்கு இழுப்பு அடங்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போனோம். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார், பழைய இழுப்புதான், இது அந்த வியாதி இல்லை என்று. உடம்பைக் கொடுத்துவிட்டார்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் வீட்டு வாசலில் கட்டிலில் கிடத்திவிட்டுப் போனார்கள். கூட்டம் சேர்க்காதே, வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடு என்று போலீஸ்காரர் சொன்னார். குழி வெட்ட ஆளையும் அவரே சொல்லிவிட்டார். எங்கள் ஆட்கள் புதைப்பதுதான் வழக்கம்.

தூக்கத்தான் ஆள் இல்லை.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், என் அம்மாவைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. உடம்பு கிடைக்கவில்லை. அப்பா என்னிடம் வேறு எதையும் கேட்டதில்லை, இது ஒன்றைத்தான் அடிக்கடி சொல்வார். “எனக்குன்னா நாலு பேரு தூக்கணும்டா. ஒங்கம்மாவ யாரும் தூக்க ஏலாம போச்சு.” என்னிடம் இருந்தது என் ஒரு தோள். போன் செய்தேன். ஒருத்தருக்கு முதுகுவலி, ஒருத்தர் எடுக்கவில்லை. வரிசையில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா வேலிக்கு வந்து அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திரும்பி வீட்டுக்குள் போனார். உள்ளே அவர் புருஷனோடு சண்டை கேட்டது.

“போகாத. அப்புறம் யாவாரம் என்னத்துக்கு ஆகும்?”

“நான் வச்ச தீய நாந்தான அமத்தணும்.”

முகத்தில் முந்தானையை இறுக்கிக் கட்டிக்கொண்டு அக்கா ரோட்டுக்குப் போனார். கடைகள் சாத்தியிருந்த அந்த மூலையில், நடு ரோட்டில் நின்றுகொண்டு கத்த ஆரம்பித்தார். அக்காவுக்கு இந்தி வராது. இருக்கிற நாலு வார்த்தையை வைத்தே கத்தினார்.

“புக்கார் நஹி! புக்கார் நஹி! கட்சால்! ஊரு நாம் கட்சால்! மேரா கான் கராப்! ஆத்மி டீக்! மேரா கான் கராப்!”

காய்ச்சல் இல்லை, ஊர்ப் பெயர் கட்சால், என் காதுதான் கெட்டுப்போச்சு, அந்த மனுஷன் நல்லாத்தான் இருந்தார். கையால் தன் காதைப் பிடித்து இழுத்து இழுத்துக் காட்டினார். ஜன்னல்கள் திறந்தன. மாடியிலிருந்து ஒரு ஆள், “அரே அக்கா, அப் தேரா இட்லி கோன் காயேகா?” என்று கேட்டுச் சிரித்தான். இனி உன் இட்லியை யார் தின்பார்கள் என்று.

“நீ திங்காத போடா! மத் காவ்! நானே தின்னுக்கிறேன்!” என்று அவனுக்குத் தமிழில் பதில் கொடுத்துவிட்டு, மறுபடியும் “மேரா கான் கராப்” என்று தொடர்ந்தார்.

ஊருக்கு முன்னால் நின்று தன் காது கெட்டது என்று சொல்ல எனக்குத் தைரியம் இருக்குமா தெரியாது. நான் வாசலிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்தக் குரல் அன்று காய்கறிக் கடையைத் தாண்டியும் போனது.

முதலில் வந்தது பெங்காலிக்காரர்தான். மாஸ்க், கையில் ஒரு புது சோப்பு. தோளில் அவரைக்காய்ப் பந்தலிலிருந்து உருவிய இரண்டு மூங்கில்.

“கச்சால்? மேரா சாலா உதர் நௌகரி கியா தா. பெஹலே கியூன் நஹி போலா?” என்றார் என்னிடம், கோபமாக. என் மச்சான் அங்கே வேலை பார்த்தவன், முன்னாலேயே ஏன் சொல்லவில்லை?  நான்தான் எல்லோரிடமும் நிக்கோபார் என்று சொல்லிவைத்தவன் ஆயிற்றே.

அடுத்து என் முதலாளி. கயிறு கிடைக்காமல் கடையில் கிடந்த பழைய டியூப்களை நாடா நாடாவாகக் கிழித்து எடுத்து வந்தார். அவரும் நானும் மூங்கிலை அந்த ரப்பரால் கட்டிலோடு சேர்த்துக் கட்டினோம். எங்கள் கை பழகிய வேலை, முடிச்சு இறுக்கமாக விழுந்தது. அப்பா ஆயுசு பூராவும் பால் வெட்டிய ரப்பர். அவரிடம் காட்டினால் இழுத்துப் பார்த்திருப்பார்.

மூன்று பேர் ஆகிவிட்டது. நான் ரோட்டைப் பார்த்தேன். அக்காவின் புருஷன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வந்து, பின்பக்கத்து மூங்கிலைப் பிடித்தார்.

“தூக்குங்கப்பா, நேரமாவுது” என்றார்.

தப்பு மேளம் கிடையாது, சங்கு கிடையாது. அக்கா எங்களுக்கு நன்றாக முன்னால், போலீஸ் சொன்ன தூரத்தைவிட அதிக தூரத்தில் நடந்தார். ஒவ்வொரு வீடு வரும்போதும் குரல் கொடுத்தார். “கட்சால்காரர் போறாரு! கட்சால்காரர்!” அந்த ‘ட்’டை அவர் அழுத்திய அழுத்தத்தில் இனி யாருக்கும் காது தவறாது. கதவுகள் திறந்தன. யாரும் வெளியே வரவில்லை, ஆனால் வாசற்படியில் வாயைத் துணியால் மூடிக்கொண்டு நின்றார்கள். சிலர் கும்பிட்டார்கள். திருப்பத்தோடு அக்கா நின்றுகொண்டார். அதற்கு அப்பால் நாங்கள் நாலு பேர் மட்டும் போனோம். ஒரு இடத்திலும் கீழே இறக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

திரும்பி வந்து ரோட்டுக் குழாயில் அந்தப் புது சோப்பை ஆளுக்கு ஆள் போட்டுக் கழுவினோம். சாவு வீட்டில் அடுப்பு எரியாது.  அப்போது வேலிக்கு மேலே துரட்டி வந்தது, நுனியில் பை ஆட.

“தொடாம ஒவ்வொருத்தரா எடுத்துக்கங்க” என்றது குரல். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. முதல்முறையாக அந்தக் குரல் வேலியோடு நின்றுவிட்டது.

ரோட்டோரத்தில் ஆளுக்கு ஒரு மூலையாக நின்று சாப்பிட்டோம். பெங்காலிக்காரர் எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டு, மாடிக்காரனின் ஜன்னலைப் பார்த்து, அவனுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக இன்னும் ரெண்டு கேட்டார்:

“அக்கா, அவுர் தோ.”