ஏணி இருந்த இடம்

கலியபெருமாள் அண்ணன் இறந்த செய்தியை டவுன் பஸ் கண்டக்டர் ஒருவர்தான் கொண்டுவந்தார். எங்கள் ரைஸ்மில் வாசலில் பஸ் நிற்காது. அன்று நிறுத்தச் சொல்லிவிட்டு, படியில் நின்றபடியே குரல் கொடுத்தார்.

"ஒங்க லாரி டிரைவரு வாஞ்சூர் செக்போஸ்ட்டுகிட்ட விழுந்துட்டாருங்க. லோடு மேல ஏறயில தவறிட்டாரு. தலையில அடி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சு."

நான் கணக்கு மேசையை விட்டு எழுந்து வாசலுக்கு ஓடுவதற்குள் விசில் கொடுத்துவிட்டார். பஸ் நகரும்போது ஜன்னல் ஓரத்தில் இருந்த யாரோ மீதியைச் சொன்னார்: "தண்ணி போட்டிருப்பான்."

சாவும் பழியும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கின. அன்று மாலைக்குள் லாரி ஸ்டாண்ட் முழுக்க அந்தப் பேச்சுதான். காரைக்காலில் இது சுலபம். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து குடித்துவிட்டுப் போகிற ஊர் இது. இங்கே ஒருவன் கீழே விழுந்தால் ஏன் விழுந்தான் என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை கிளாஸ் என்றுதான் கேட்கிறார்கள்.

அவரைத் தெரிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவரைப் புனிதராக்கும் எண்ணம் எனக்கு இல்லை. அவர் குடிப்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறிச்சோற்றுக்கு முன்னால், வீட்டில் உட்கார்ந்து குடிப்பார். வண்டி எடுக்கிற நாளில் தொடமாட்டார். இது உங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஸ்டாண்டில் தலையை ஆட்டிக்கொண்டு நின்றீர்கள். உங்களோடு சண்டை போடக்கூட இப்போது எனக்குத் தெம்பில்லை.

மில்லில் நான் கணக்கு எழுதச் சேர்ந்தது எழுபதுகளின் கடைசியில். வேறு எங்கும் வேலை கிடைக்காமல்தான் சேர்ந்தேன். முதல் நாளே அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பி.ஏ. படிச்சிட்டு மூட்டை எண்றியா தம்பி? நான் எட்டாவதோட நின்னுட்டு அதே மூட்டையைத்தான் ஓட்டிக்கிட்டுப் போறேன். நடுவுல எதுக்கு ஒனக்கு அவ்வளவு படிப்பு?" எனக்குக் கோபம் வந்தது.

அவருக்கும் முதலாளிக்கும் ஓயாத ஒரு வழக்கு இருந்தது. வண்டிக்கு எந்தச் சாமான் மாட்டினாலும் கும்பகோணத்து டீலரிடம்தான் மாட்ட வேண்டும் என்பது முதலாளியின் கட்சி. நாமே மாட்டிக்கொள்ளலாம் என்பது இவர் கட்சி. எப்போதும் இவர் ஜெயித்தார் என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை முதலாளி ஏர் ஹாரன் கேட்டார். "நானே மாட்டறேங்க" என்று அண்ணன் மில் வாசலில் வைத்து மாட்டினார். ஹாரனுக்கு எடுத்த வயரை ஹெட்லைட் வயரோடு முறுக்கிவிட்டார். அன்று பொழுது சாய்ந்து கோட்டுச்சேரிப் பக்கம் போனோம். ஹாரனை அழுத்தும்போதெல்லாம் விளக்கு மங்கி மங்கி எரிந்தது. எதிரே வந்த பஸ் டிரைவர் யாரோ தெரிந்தவர் விளக்குப் போட்டுக் கூப்பிடுகிறார் என்று வண்டியை ஓரம் கட்டி இறங்கி வந்துவிட்டார். "என்ன சேதி அண்ணே?" என்று அவர் கேட்க, இவர் கொஞ்சம்கூடத் தயங்காமல், "ஒண்ணுமில்ல, வீட்டுல எல்லாரும் சௌக்கியமான்னு கேக்கத்தான்" என்றார்.

மறுநாள் ஹாரனைக் கழற்றி முதலாளியிடம் கொடுத்துவிட்டு, "இத டீலர்கிட்டயே குடுத்துருங்க" என்றார். என்னிடம் வந்து சொன்னார்: "பிரேக்கு, ஸ்டியரிங்கு, கரண்டு இந்த மூணும் கம்பெனிக்காரன் வேலை. தொட்டா நம்மள மட்டுமா கொல்லும், எதுக்க வர்றவனையும் சேத்துல்ல கொல்லும். நட்டும் போல்ட்டும் நம்ம வேலை." கடைசிவரை அந்தக் கோட்டை அவர் தாண்டவில்லை.

டீலர் மாட்டிக் கொடுத்த பளபளப்பான பக்கக் கண்ணாடித் தாங்கி ஒன்று எங்கள் வண்டியில் ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. சீசன் இல்லாத மாதங்களில் வண்டி கருவாடு ஏற்றக் கடலோரக் கிளிஞ்சல்மேட்டில் போய் நிற்கும். உப்புக்காற்று அதைத் தின்றுவிட்டது. உதிர்ந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "பாவம், கும்பகோணத்துக் காத்துக்குன்னு பண்ணின சாமான்" என்றார். பழைய இரும்புக் கடையில் ஒரு துண்டுக் குழாய் வாங்கி வளைத்து, துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு பூசி, இரட்டை நட்டு போட்டு அவரே ஒன்று மாட்டினார். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் அசையவில்லை.

ஏணி விஷயம் அதற்குப் பிறகு வந்தது. மூட்டை ஏற்றிய பிறகு சுமை தூக்குகிறவர்கள் மூட்டைகளின் மேலேதான் உட்கார்ந்து போவார்கள். தூற்றும் வேலைக்கு வரும் பெண்களும் அப்படித்தான். ஏறுவதற்கு வழி கிடையாது. கொக்கியில் கால் வைத்து, கயிற்றைப் பிடித்து எம்ப வேண்டும். பெண்கள் சேலையை இடுக்கிக்கொண்டு ஏறுவதை முதலாளியின் சிநேகிதர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துச் சிரிப்பார்கள். கேபினில் இடம் இருந்தது. அந்த இடம் காலனியிலிருந்து வரும் இவர்களுக்கு இல்லை என்பதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவும் இல்லை.

டீலரின் அச்சடித்த விலைப்பட்டியலை நான் முழுக்கப் படித்திருக்கிறேன். பம்பர் இருந்தது, மியூசிக் ஹாரன் இருந்தது, வெயில் மறைப்பு இருந்தது, சாமி படத்துக்குக் குட்டி பல்பு வைத்த ஸ்டாண்டுகூட இருந்தது. பின்னால் ஏறுகிற மனிதனுக்கு ஒரு படி இல்லை.

சுமைக்காரர்களில் மூத்தவர் மாரிமுத்து ஒருநாள் கயிறு நழுவி விழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு பல நாள் வேலைக்கு வரவில்லை. அவர் திரும்பி வந்த அன்று வண்டியின் பின்மூலையில் ஏணி இருந்தது. தண்ணீர்க் குழாயில் செய்து, ரெட் ஆக்சைடு பூசியது. மேலே ஏறியதும் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. எல்லாம் போல்ட்டில் நின்றது. வண்டி தகுதிச் சான்றுக்கு, எஃப்.சி.க்குப் போகும்போது "இதுக்கு பில் எங்கே" என்று கேட்பார்கள் என்பதால் கழற்றுவதற்கு வசதியாக அப்படிச் செய்திருந்தார்.

நட்டை முறுக்கி முடித்ததும் அவர் யாரையும் உடனே ஏற விடவில்லை. இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து, காலைத் தூக்கி, அந்தக் கனத்த உடம்பைத் தொங்கவிட்டு ஆடினார்.

"அண்ணே, ஏணி தாங்கும். வண்டி தாங்குமா?" என்றார் மாரிமுத்து.

"பேசாம இருய்யா. நான் தொங்கிட்டேன். இனிமே நீ ஏறு."

ஒவ்வொரு தடவை கழற்றி மாட்டும்போதும் இந்தக் கூத்து நடக்கும். தொங்காமல் அவர் எதையும் முடிந்துவிட்டதாகச் சொன்னதில்லை.

அப்போது எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. "ஏணி பண்றதுக்குப் பதிலா கேபின் கதவைத் திறந்து விட வேண்டியதுதானே அண்ணே?" என்று கேட்டேன். "கதவு அவரு கதவு தம்பி. தொறந்தா மறுநாள் நானும் வெளிய, அவங்களும் வெளிய. பின்பக்கம் மட்டுந்தான் எனக்குக் கெடச்சிது" என்றார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. இப்போதும் போதவில்லை. ஆனால் போதாத அந்த ஏணியையும் வேறு யாரும் செய்யவில்லை.

பிறகு வேறொரு மில்லின் லாரியில் குரோம் பம்பரும் வரிசையாகக் கலர் விளக்குகளும் வந்தன. எங்கள் முதலாளிக்குத் தூக்கம் போய்விட்டது. போன மாதம் வண்டியைக் கும்பகோணத்துக்கு அனுப்பினார். காகிதங்களை எடுத்துக்கொண்டு நானும் போனேன். முதலாளிக்கு உள்ளே ஃபேனுக்கு அடியில் நாற்காலி. எங்களுக்கு வெளியே வெயிலில் ஒரு பெஞ்சு. டீலர் கடை மேனேஜர் வண்டியைச் சுற்றி வந்து பின்மூலையில் நின்றார்.

"என்னங்க இது, தண்ணிக் குழாயெல்லாம் மாட்டி வச்சிருக்கீங்க?"

"எங்க டிரைவரு கைவேலை" என்று முதலாளி சிரித்தார்.

கலியபெருமாள் அண்ணன் எழுந்து போனார். "அது ஏறுறதுக்கு சார்."

"யாரு ஏறுறதுக்கு?"

"ஏறுறவங்களுக்கு."

"ஏறுறவங்க எப்படியும் ஏறிடுவாங்கப்பா" என்றார் மேனேஜர்.

அவர் கெட்ட மனிதராகத் தெரியவில்லை. அதுதான் எனக்கு அதிகம் எரிகிறது. டீலரின் வேலையும் சுத்தமாகவே இருந்தது, பொய் சொல்லக் கூடாது. விளக்குகள் ஒழுங்காக எரிந்தன, ஹாரன் அடித்தால் எதுவும் மங்கவில்லை. ஆனால் ஏணியைக் கழற்றி, ஓட்டைகளை அடைத்து, பின்பக்கம் முழுக்கத் தகடு அடித்துக் கண்ணாடி மாதிரி பெயிண்ட் பூசிவிட்டார்கள். இனி அதில் துளை போட்டால் பெயிண்டுக்குக் கேரண்டி கிடையாது என்றும் சொன்னார்கள்.

"மொதலாளி, ஏணிய மட்டும் திரும்ப மாட்டிக்கிறேங்க" என்று அண்ணன் கேட்டார்.

"வண்டி மாப்பிள்ளை மாதிரி நிக்குது. அதுமேல போயி தண்ணிக் குழாய மாட்டுவியா நீ?"

கழற்றிப் போட்ட ஏணியை அவர் கேபினில் வைத்துக் கொண்டுவந்து மில்லின் பாய்லர் சுவரில் சாத்தினார். "ஞாயித்துக்கெழம யாருக்கும் சொல்லாம மாட்டிடுவேன்" என்றார். கேரண்டி போய்விடுமே என்றேன். "பெயிண்டுக்குக் கேரண்டி இருக்குது தம்பி. மாரிமுத்துக்கு எவன் குடுத்தான்?"

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் மழை வந்துவிட்டது.

அன்று காலை என் மேசைக்கு வந்து டிரிப் ஷீட் வாங்கினார். என் டீயில் பாதியை எப்போதும்போல எடுத்துக் குடித்தார். என் முகத்துக்கு நேராகக் குனிந்து, "சர்க்கரை பத்தல, மொதலாளி மாதிரியே டீ போடுறான்" என்றார். அந்த மூச்சில் வெற்றிலை வாசனைதான் இருந்தது. அரிசி மூட்டையோடு நாகப்பட்டினத்துக்குக் கிளம்பினார். மாரிமுத்து மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தார். அங்கே நடந்ததைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

"செக்போஸ்ட்டுகிட்ட தூத்தல் போட்டுச்சு. காத்துல தார்ப்பாய் ஒரு பக்கம் தூக்கிக்கிச்சு, என்னால ஒத்தையில இழுக்க முடியல. அண்ணன் எறங்கி வந்தாரு. கொக்கியில காலை வச்சு எம்பினாரு. கை நேரா ஏணி இருந்த எடத்துக்குப் போச்சு தம்பி. இத்தன வருசமா போன கை. பாக்காமலே போச்சு. அங்க ஒண்ணுமில்ல. வெறும் பெயிண்ட்டு. மழையில வழவழன்னு இருந்துச்சு."

இதைச் சொல்லும்போது மாரிமுத்து தன் வலது கையை நீட்டிக் காற்றைப் பிடித்துக் காட்டினார். பிறகு அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி சாவுக்கு வந்தார், பெரிய மாலை போட்டார். வெளியே போய் நின்றுகொண்டு, "குடிச்சிட்டு விழுறவனுக்கு நான் என்ன பண்ண முடியும்?" என்று நான்கு பேரிடம் சொன்னார். வேலையில் நடந்த சாவுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும், நஷ்டஈடும் கொடுக்க வேண்டும். குடித்து விழுந்த சாவுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டாம். தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை இருக்கிறது என்று தெரிந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார். "நீ மேசையில உக்காந்திருந்த ஆளு. ஒனக்கு என்ன தெரியும்? தெரியாதுன்னு சொல்லிட்டு வந்து வேலையப் பாரு."

அண்ணனின் மனைவி சகுந்தலா அண்ணி வேறொன்றைக் கேட்டார். "காசு குடுத்தா குடுக்கட்டும், குடுக்காட்டிப் போவட்டும் தம்பி. கொழாயடியில தண்ணி புடிக்க நின்னா, குடிகாரன் பொண்டாட்டின்னு எங்காது படவே பேசுறாங்க. அந்தப் பேர மட்டும் எடுத்துக் குடுங்க."

இந்த வாரம் புது டிரைவர் வந்தார். வண்டியை லோடுக்கு நிறுத்தினார். மாரிமுத்துவும் மற்றவர்களும் மூட்டையைத் தொடவில்லை. பாய்லர் சுவரிலிருந்து ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டீலரின் கண்ணாடிப் பெயிண்டில் துளை போட்டார்கள். துளை போடப் போட பெயிண்ட் சுருள் சுருளாக உதிர்ந்தது. முதலாளி அலுவலக ஜன்னலிலிருந்து கத்தினார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. லோடு ரயிலடிக்குப் போயாக வேண்டிய நாள். கத்திக் கத்தி அவர் ஓய்ந்துபோனார்.

மாரிமுத்து இரட்டை நட்டை முறுக்கினார். முடிந்தது. ஆனால் யாரும் ஏறவில்லை. எல்லோரும் ஏணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எதற்காக நிற்கிறார்கள் என்று எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது.

"தம்பி, நீ தொங்கு" என்றார் மாரிமுத்து. "எங்கள்ல யாரு தொங்கினாலும், ஏணி தாங்கும்னு நாளைக்கு விசாரணையில நாங்களே சொல்லிக்கிட்டதா ஆயிடும்."

ஜன்னலில் முதலாளி நின்றிருந்தார். நான் கணக்கு மேசையை விட்டு இறங்கிப் போய்க் கைப்பிடியைப் பிடித்து, காலைத் தூக்கினேன். என் உடம்பு அண்ணன் உடம்பில் பாதிதான். ஆடிப் பார்த்தேன். அசையவில்லை. இறங்கியதும் உள்ளங்கையில் ரெட் ஆக்சைடு ஒட்டியிருந்தது. மாரிமுத்து ஏறினார்.

கலியபெருமாள் அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இது ஒன்றுதான்: இன்னொருவரை ஏறச் சொல்வதற்கு முன்னால் நான் தொங்கிப் பார்க்க வேண்டும். விசாரணைக்கு என்னைக் கூப்பிடுவார்கள். போவேன். காலையில் என் டீயைக் குடித்தவரின் மூச்சைச் சொல்வேன். ஏணியை யார் கழற்றச் சொன்னார்கள் என்று சொல்வேன். எனக்குப் பிறகு மாரிமுத்து, அந்தக் கை எங்கே போனது என்று காட்டுவார். அதற்கு அடுத்த நாள் எனக்கு மேசை இருக்காது. உங்களில் அவரைத் தெரிந்தவர்கள் விசாரணை அன்று வாசலிலாவது வந்து நில்லுங்கள்.