டேப்பக்காவும் கோணல் சுவரும்

வீட்டுக்காரர் பயபக்தியோடு நீட்டும் பத்திரத்தை வாங்கி, அதன் ரப்பர் பேண்டைக்கூடக் கழற்றாமல் கணவரின் கக்கத்தில் செருகுவார் டேப்பக்கா. "பேப்பர் எங்கயும் ஓடிடாது. முதல்ல கல்லு எங்கன்னு காட்டுங்க." அந்தக் கேள்விக்கு இதுவரை ஒரு வீட்டுக்காரரும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லையாம். மனையின் நான்கு மூலைகளிலும் என்றைக்கோ நட்ட எல்லைக்கற்கள் பூந்தொட்டிக்கு அடியிலோ நாய்க்கூண்டுக்கு அடியிலோ புதைந்து கிடக்கும். அக்காவே கடப்பாரையோடு குனிந்துவிடுவார்.

வயது ஐம்பத்திரண்டு. உரிமம் பெற்ற நில அளவையர். தொளதொளத்த பேண்ட், கணுக்கால் வரை ஏறிய பூட்ஸ், இடுப்பு பெல்ட்டில் ஒரு தேங்காய் கனத்துக்கு இரும்பு டேப். அதன் பாரத்தில் ஒரு பக்கம் சாய்ந்தேதான் நடப்பார். எல்லாவற்றையும் அளக்க முக்காலி மேல் நிற்கும் மெஷின் இருக்கும்போது டேப் எதற்கு என்று கேட்டேன். "மெஷின் பொய் சொன்னா தட்டிக் கேக்க ஒரு ஆள் வேணாமா?" என்றார்.

மெஷினுக்கு எதிரே கம்பு பிடித்து நிற்பவர் அவர் கணவர், ஓய்வுபெற்ற தபால்காரர். வேலை இடத்தில் மனைவியை "மேடம்" என்றுதான் கூப்பிடுகிறார். "இடப்பக்கம் ரெண்டு இன்ச் நகருங்க. உங்க இடப்பக்கம் இல்லங்க, என் இடப்பக்கம்" என்று அக்கா கத்துவார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடமாகியும் அந்த இடப்பக்கம் யாருடையது என்பது தீரவில்லை.

நான் வாங்கவிருந்த வீடு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருடையது. மகள் இருக்கும் ஊருக்கே போய்விடுவதென்று முடிவெடுத்து விற்கிறார். நானோ மாதக் கடைசிக்குள் காலி செய்கிறேன் என்று என் வாடகை வீட்டில் வாக்குக் கொடுத்துப் பாதிப் பாத்திரங்களை மூட்டை கட்டிவிட்டேன். பத்திரம் இருக்கிறது, நாலு பக்கமும் சுவர் இருக்கிறது, பிறகு எதற்கு அளவு என்று எனக்கும் சலிப்புத்தான்.

"பத்திரத்துல இருக்கறது எழுத்து நிலம் தம்பி. நீங்க குடியிருக்கப் போறது மண்ணு நிலம். ரெண்டும் ஒண்ணுதானான்னு பாக்கணும்ல? சுவரு கொத்தனார் கட்டினது. அன்னிக்கு அவரு என்ன மனநிலையில இருந்தாரோ."

நல்ல மனநிலையில் இல்லை என்பது மதியத்துக்குள் தெரிந்துவிட்டது. பத்திரப்படி மனையின் அகலம் முன்னும் பின்னும் நாற்பது அடி. ஆனால் பக்கத்து வீட்டை ஒட்டிய சுவர் பின்பக்கம் ஒன்றே கால் அடி தாண்டிப் போயிருந்தது. முன்பக்கம் ஓரடி உள்ளே வாங்கியிருந்தது. வாத்தியாரின் மோட்டார் அறையிலும் குளியலறையிலும் ஒரு பங்கு பக்கத்து வீட்டு நிலத்தில். பக்கத்து வீட்டு வாசற்படிகள் வாத்தியார் நிலத்தில். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு இணைகோடு சொல்லிக்கொடுத்த மனிதர், அக்கா வரைந்த வரைபடத்தைப் பார்த்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

இப்படியே வாங்க முடியாது என்று சொல்லிவிட்டேன். வாத்தியார் அக்காவை ஓரமாக அழைத்துப்போய், படத்தில் அந்தக் கோட்டைக் கொஞ்சம் நேராக இழுத்துவிட முடியாதா என்று கெஞ்சினார்.

"இழுக்கலாம் சார். எனக்கு ஒரு நிமிஷ வேலை. நாளைக்கு இதே இடத்த அளக்க வேற ஒருத்தி வருவா. அவளும் இதே கல்லத்தான் தோண்டுவா. அப்ப இந்தத் தம்பி குளியலறையப் பாதியில விட்டுட்டு ஓடணும்."

வழி ஒன்று இருந்தது. கொடுத்ததும் எடுத்ததும் ஏறக்குறையச் சமம் என்பதால், இருக்கிற சுவரே எல்லை என்று இரு வீட்டாரும் ஒப்புக்கொண்டு பதிவு செய்துவிடலாம். ஒரு செங்கல்லும் பெயர வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரின் கையெழுத்துப் போதும்.

"அந்த ஆள்கிட்ட நான் பேச மாட்டேன்" என்றார் வாத்தியார்.

பக்கத்து வீட்டுக்காரர் பல் டாக்டர். அவர் வீட்டு ஏசி தண்ணீர், வாத்தியார் திருத்தி வைத்திருந்த விடைத்தாள் கட்டின் மேல் ஒரு நாள் முழுக்கச் சொட்டியது. அதோடு பேச்சு நின்று பதினொரு வருடம். பல் வலி உயிரை வாங்கியபோதும் வாத்தியார் இரண்டு பஸ் மாறி வேறு டாக்டரிடம் போனாரே தவிர, பக்கத்துக் கதவைத் தட்டவில்லை.

டேப்பக்கா சமாதானம் எதுவும் பேசவில்லை. டாக்டர் வீட்டு மணியை அடித்து, படிக்குப் பக்கத்தில் கொஞ்சம் அளக்க வேண்டும் என்றார். கையுறையோடு வெளியே வந்த டாக்டரிடம் டேப்பின் ஒரு நுனியைக் கொடுத்து, படியோரம் மண்ணைச் சுரண்டித் தெரியவைத்த எல்லைக்கல்லின் மேல் பிடிக்கச் சொன்னார். மறு நுனியை வாத்தியார் கையில் திணித்து, மனையின் அந்தக் கோடிக் கல்லுக்கு அனுப்பினார். சும்மா நின்ற கணவரை யாரும் கவனிக்கவில்லை.

"தொங்கவிடாதீங்க சார். தொங்கினா உங்க நிலம் கணக்குல தப்பிடும்."

அவ்வளவுதான், இரண்டு பெரியவர்களும் வடம் பிடிப்பதுபோல் இழுத்தார்கள்.

"எவ்வளவு டாக்டர்?"

"நாப்பது."

"கண்ணாடி போட்டுப் பாக்கச் சொல்லுங்க" என்றார் வாத்தியார், தெருவைப் பார்த்து.

"போட்டுட்டுத்தான் இருக்கேன். நம்பிக்கை இல்லன்னா நீங்களே வந்து பாருங்க."

வாத்தியார் தன் நுனியை அக்காவின் கணவரிடம் கொடுத்துவிட்டு விடுவிடுவென்று வந்தார். குனிந்து பார்த்தார். நாற்பதுதான். டாக்டரின் இரண்டாவது படிக்கு நேர் கீழே. நியாயப்படி அவர் முகம் மலர்ந்திருக்க வேண்டும். நிமிராமலே, "பின்னாடி என் மோட்டார் ரூம் உங்க இடத்துல இருக்கு" என்றார். பிறகு, "வீட்ட விக்கறேன். மககிட்ட போறேன்."

டாக்டருக்கு அது தெரிந்திருக்கவில்லை. கையுறைகளை ஒவ்வொன்றாக உருவினார். "எப்ப?"

"மாசக் கடைசி."

கையெழுத்துப் போடுகிறேன் என்று டாக்டர் சொன்னது எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு குரல்கள் தணிந்துவிட்டன. இருவரும் அந்தப் படியிலேயே உட்கார்ந்தார்கள். சற்று நேரத்தில் வாத்தியார் வாயைத் திறந்து காட்ட, டாக்டர் செல்போன் வெளிச்சத்தில் கடைவாய்ப்பல்லைப் பார்த்து, இதை யார் அடைத்தது என்று திட்டினார்.

வேலை முடிந்ததென்று கணவர் கம்பை மடக்கப் போனார். அக்கா படியில் இருந்த இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கண்ணாலேயே தடுத்தார். அவர் மறுபடியும் விறைத்து நிற்க, அக்கா மெஷினில் கண் வைத்துத் திருகுகளை மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் ஆயிற்று. இன்னும் என்ன அளக்கிறார் என்று முன்பக்கமாகப் போய்ப் பார்த்தேன். லென்ஸின் மேல் மூடி போட்டபடியே இருந்தது.