உயிருக்கு இன்னொரு பெயர்

அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் தெருவில் யாருக்கும் தெரியாது. 'அகராதி' என்றால் தெரியும். சின்ன வயதில் எதற்கெடுத்தாலும் எதிர்ப்பேச்சு. "சரியான அகராதி பிடிச்சவன்" என்று சித்தப்பா திட்டியது அப்படியே ஒட்டிக்கொண்டது. பிற்பாடு அவர் ஆங்கிலப் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதப் போய், நாள் முழுக்க நிஜ அகராதியும் கையுமாக உட்கார்ந்ததில் திட்டே பட்டமாகிவிட்டது.

வேலை ஒரு மாடியறையில். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, முன்னால் இரண்டு திரை, காதில் ஹெட்போன். ஆரம்பத்தில் கொச்சை மொழியிடம் நிறைய அடி வாங்கினார். சிறையிலிருந்து தப்பத் திட்டம் போடுகிறவன் 'பீஸ் ஆஃப் கேக்' என்றான். ரொம்பச் சுலபம் என்று அர்த்தம். இவர் 'ஒரு துண்டு கேக்' என்று போட்டுவிட்டார். சரிபார்க்கும் மேடம் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏங்க, ஜெயிலுக்குள்ள யாரு பேக்கரி வெச்சிருக்கா?"

அன்றிலிருந்து அவருக்குச் சொற்கள் மேல் ஒரு பைத்தியம். 'சிக்' என்றால் நோய். இளவட்டங்கள் வாயில் அதுவே 'பிரமாதம்'. நாமும்தானே 'பயங்கர அழகு' என்கிறோம் என்று தனக்குத்தானே சிரித்துக்கொள்வார். எல்லாரும் நல்லது என்று நினைக்கிற 'நைஸ்' ஒரு காலத்தில் 'முட்டாள்தனமான' என்ற பொருளில் இருந்தது என்று படித்தபோது சிரிப்பு வரவில்லை. நறுமணமாக இருந்த 'நாற்றம்' தமிழில் என்ன கதிக்கு ஆளானது என்று யோசித்துப் பார்த்தார்.

அவருடைய மனைவிக்கு ஜன்னல் திரை தைக்கும் கடையில் வேலை. இரண்டு முறை கரு தங்கிக் கலைந்துபோயிருந்தது. மூன்றாவது முறை கரு தங்கி ஐந்தாம் மாதம் தொடங்கியும் வீட்டில் யாரும் அதைப் பற்றிச் சத்தமாகப் பேசவில்லை. அவள் அம்மா மட்டும் தினமும் போனில் கேட்பார்: "அசையுதாடி?"

"இன்னும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள்.

அந்தச் சமயத்தில் ஒரு பழங்காலக் கதைப்படம் வேலைக்கு வந்தது. படுத்திருக்கும் பெண்ணின் வயிற்றில் மருத்துவச்சி கை வைத்து, அவள் 'க்விக்' ஆகிவிட்டாள் என்கிறாள். இவர் 'இவள் வேகமானவள்' என்று எழுதினார்.

"படுத்துக் கிடக்கறவ எங்கங்க வேகமா ஓடினா?" என்றார் மேடம். "பழைய இங்கிலீஷ் மாதிரி இருக்கு. பாத்துச் சொல்லுங்க."

பெரிய அகராதியைப் புரட்டினார். 'க்விக்' என்ற சொல்லுக்கு ஆதியில் வேகம் என்ற பொருளே இல்லை. உயிருள்ளது என்பதுதான் பொருள். உருண்டோடும் பாதரசத்துக்கு அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் வைத்த பெயர் 'உயிருள்ள வெள்ளி'. நகத்துக்கு அடியில், தொட்டால் சுரீர் என்கிற சதைக்கும் இதே சொல். அதற்கும் கீழே, வயிற்றுக் குழந்தையின் முதல் அசைவைத் தாய் உணர்வதற்கு 'க்விக்கனிங்', அதாவது உயிர்கொள்ளுதல் என்று இருந்தது.

அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. தினம் நூறு தடவை அலட்சியமாகத் தாண்டிப்போன சொல்லுக்குள் ஓர் உயிர் சுருண்டு படுத்திருந்திருக்கிறது!

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார். மனைவி கடையிலிருந்து கொண்டுவந்த திரைக்கு விளிம்பு மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். நகம், பாதரசம், மருத்துவச்சி என்று அவர் கொட்டக் கொட்டத் தையல் மிஷின் நின்றது.

"ஏங்க, அந்த முதல் அசைவு எப்படி இருக்கும்னு போட்டிருக்கா?"

"இல்லையே. ஏன்?"

"மீன் வாலால லேசாத் தட்டிட்டுப் போற மாதிரி..." அவள் துணியைப் பார்த்தபடியே சொன்னாள். "நாலஞ்சு நாளாவே இருக்கு. வாயுன்னு நெனச்சுக்கிட்டேன். வெளிய சொன்னா இதுவும் போயிடுமோன்னு பயம்."

அவர் தரையில் உட்கார்ந்து அவள் வயிற்றில் உள்ளங்கையை வைத்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? என்கிட்டதானே பேசுது."

தெரியாவிட்டாலும் அவர் கையை எடுக்கவில்லை. அவள் அழுதுகொண்டே அம்மாவுக்குப் போன் போட்டாள்.

மறுநாள் டாக்டர் வயிற்றில் கருவியை வைத்தார். டபடபவென்று அறை முழுக்க ஒரு சத்தம்.

"இவ்வளவு வேகமா அடிக்குதே டாக்டர்?" என்றார் இவர் பதறி.

"உயிர் வளருதில்ல? இந்த வேகம் இருக்கணும்" என்றார் டாக்டர்.

உயிர், வேகம். எத்தனையோ நூற்றாண்டில் ஒரு சொல் நடந்து கடந்த தூரம் அந்தச் சின்ன நெஞ்சுக்குள் ஒரே சத்தமாகக் கேட்டது. அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். படத்தில் அந்த இடத்துக்கு 'இவள் வயிற்றில் உயிர் துடிக்கிறது' என்று எழுதிக் கொடுத்தார். மேடம் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. இப்போது மூன்று வயது. பாட்டில் மூடியோடு விளையாடி விளையாடி, தன் மனசுக்குப் பிடித்ததையெல்லாம் 'மூடி' என்கிறாள். மழை மூடி, மாமா மூடி. போன வாரம் அவர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தபோது, மனைவி தலைநிமிர்ந்து பார்த்து, "சட்டை மூடியா இருக்குங்க" என்றாள். சொன்னதை அவள் கவனிக்கக்கூட இல்லை. அவர்தான் வாசலிலேயே அசந்துபோய் நின்றார்.